முத்துத்தாய் அக்காவின் மார்க்

நான் ஊசி போட்டால் வலிக்காது என்று சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் கிளப்பிவிட்ட பேச்சு இல்லை. டயாலிசிஸ் ஊசி காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி மாதிரி இருக்காது. சாக்குத் தைக்கிற ஊசியைவிடக் கொஞ்சம்தான் மெலிசு, அதில் இரண்டு குத்த வேண்டும். ராயகிரி நல்லகண்ணு அண்ணாச்சி எனக்கு லீவு என்று தெரிந்தால் அன்றைக்கு வர மாட்டார், மறுநாள்தான் வருவார். "எஸ்லின் குத்துனா எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது வே" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் விசாரிக்க வந்தவர். என்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் நான் சொல்வது எதுவும் உங்கள் காதில் சரியாக ஏறாது. மற்றபடி நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் சென்டரில் எட்டு மெஷின். நான்தான் தலைமை டெக்னீஷியன். தேவசுந்தரம் டாக்டர் திருநெல்வேலியிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் என் பொறுப்பு.

மெஷின் நாலு மணி நேரம் ஓடிவிட்டது என்பதற்காக ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதை அளந்து பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை, டயாலிசிஸ் தொடங்குமுன் கொஞ்சம் ரத்தமும் முடிகிற சமயத்தில் கொஞ்சம் ரத்தமும் எடுத்து, யூரியா எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். நூற்றுக்கு அறுபத்தைந்தாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது வாரம் இரண்டு முறை வருகிறவரை மூன்று முறை வரச் சொல்ல வேண்டும். அதுவும் இல்லாவிட்டால், ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, பிஸ்டுலா, அதில் ஏதாவது கோளாறா என்று பார்க்க வேண்டும். நோயாளிக்கு டயாலிசிஸ் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல எங்களிடம் இருந்தது இந்த ஒரு எண்தான்.

அதற்கு மார்க் என்று பேர் வைத்தது நான். அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம், ஜெபத்துக்குப் பிறகு மார்க் பற்றிய விசாரணை என்றுதான் நான் வளர்ந்தேன். நல்லகண்ணு அண்ணாச்சியிடம் யூரியா பற்றி விளக்கப் போனால் அவர் சிரித்தார். "வயலுக்குப் போட யூரியா கெடைக்காம அலையுதேன். எனக்குள்ள மூட மூடயா கெடக்காக்கும்" என்றார். மார்க் என்றதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்த மாதம் யார் முதல் மார்க்கோ அவருக்கு அடுத்த மாதம் முழுக்க ஜன்னலோரப் படுக்கை என்று ஒரு வழக்கமும் கொண்டுவந்தேன். அங்கே காற்று வரும், கோபுரம் தெரியும். அறுபது வயதுக்காரர்கள் அந்தப் படுக்கைக்காகச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டார்கள். சென்டரே கலகலப்பாகிவிட்டது.

முடிகிறபோது ரத்தம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. சிவப்புக் குழாய் வழியாக ரத்தம் உடம்பிலிருந்து மெஷினுக்குப் போகும். வடிகட்டியில் கழுவப்பட்டு நீலக் குழாய் வழியாகத் திரும்பி உடம்புக்குள் வரும். பம்பின் வேகத்தைக் குறைத்துவிட்டு, சற்று நிதானித்து, சிவப்புப் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். உடம்புக்குள் இருக்கிற ரத்தத்தின் உண்மையான நிலை அதில்தான் தெரியும். நீலப் பக்கத்தில் எடுத்தால் அது அப்போதுதான் கழுவி வந்த ரத்தம். துவைத்த ஒரு சட்டையைக் கொடியில் காட்டி, வீட்டு அழுக்கெல்லாம் துவைத்தாயிற்று என்று சொல்கிற மாதிரி. முதல் வருடப் படிப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

முத்துத்தாய் அக்கா புளியங்குடிக்காரி. எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் இல்லை, வேல்விழி என்று கல்லூரியில் படிக்கிற ஒரே மகள். கடைசி அரைமணி நேரத்தில் அக்காவுக்குக் கெண்டைக்கால் இரண்டும் சுண்டி இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏட்டி எஸ்லின், போதும்டி, எடுத்து விட்டுரு. மண்டியில லாரி வந்து நிக்கும்" என்பார். எனக்கு மனசு கேட்காது. எடுத்துவிடுவேன். அவருக்கு எடுத்துவிட்டால் அடுத்தவர் கேட்பார். அவருக்கும் எடுத்துவிடுவேன். நாலு மணி நேரம் மூன்றரை ஆனது, பிறகு மூன்றும் ஆனது. நோயாளிகள் என்னைத் தங்கம் என்றார்கள்.

அந்த மாதம் அக்காவின் மார்க் ஐம்பத்தெட்டு. டாக்டர் முகத்தைச் சுளித்தார். அடுத்த மாதமும் இப்படி இருந்தால் வாரம் மூன்று நாள் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அக்கா அழுதார். "மூணு நாளு லீவு போட்டா மண்டியில என்னய நிறுத்திருவாவ எஸ்லின். பெறவு அவ படிப்பு என்னத்துக்கு ஆவும்?" என்று கேட்டார். அடுத்த மாதம் ரத்தம் எடுக்கிற அன்று நான் சிரிஞ்சை நீலப் பக்கத்தில் செருகினேன். அவ்வளவுதான் நடந்தது. என் இடத்தில் இருந்தால் நீங்களும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பீர்கள் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

முழுக்க நீலப் பக்கத்திலிருந்தே எடுத்தால் தொண்ணூறுக்கு மேல் போய்விடும். யாரும் நம்ப மாட்டார்கள். முதல் தடவை ரிப்போர்ட்டைப் பார்த்து நானே பயந்துபோய், லேபில் சாம்பிள் மாறிவிட்டது என்று சொல்லி மறுபடி கொடுத்தேன். அதன்பிறகு சிவப்பில் பாதி, நீலத்தில் பாதி என்று ஒரே சிரிஞ்சில் கலந்து எடுக்கப் பழகினேன். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கை அளவு வந்துவிட்டது. எழுபது வேண்டுமா, எழுபத்திநாலு வேண்டுமா, எடுக்கும்போதே எனக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் செய்வது ஓரவஞ்சனை என்று தோன்றியதால் எல்லாருக்கும் செய்தேன். ஜன்னலோரப் படுக்கை முறை வைத்து எல்லாருக்கும் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் என்று சொன்னது தப்பு. ஆறு மாதத்தில் என் அப்பாவுக்கும் கிட்னி போய், அவரும் எங்கள் சென்டருக்கே வந்தார். ஞானரத்தினம் சார் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். அவருக்கும் கால் இழுத்தது, அவரும் சீக்கிரம் எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. நாலு மணி நேரம் முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிவிட்டேன். மாதக் கடைசியில் பம்பின் வேகத்தைக் குறைத்து, நிதானித்து, சிவப்புப் பக்கத்தில் எடுத்தேன். அறுபத்தேழு வந்தது. "எலுமிச்சங்கா பொறுக்குத பொம்பளைக்கு எழுபத்திநாலு, ஹெட்மாஸ்டருக்கு அறுபத்தேழா?" என்று அப்பா முறைத்தார். படுக்கையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் இதை மறந்தே இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஏன் முறைப்படி எடுத்தாய் என்று நீங்கள் கேட்ட பிறகுதான், செய்வது இன்னது என்று எனக்கு ஒவ்வொரு மாதமும் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பது உறைக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்கிடையில் டாக்டர் எங்கள் மார்க்குகளைத் திருநெல்வேலியில் ஒரு கூட்டத்தில் காட்டிப் பேசினார். சின்ன ஊரில் இப்படி ஒரு சென்டரா என்று எல்லாரும் கேட்டார்களாம். என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். என் பள்ளிக்கூட நாட்களில் அவர் எனக்காகக் கைதட்டியதில்லை. அதற்காகச் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்த சமயம் அக்காவின் பிஸ்டுலா பழுதாக ஆரம்பித்தது. நல்ல பிஸ்டுலாவில் விரலை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அக்காவின் கையில் அது மங்கிக்கொண்டே வந்தது. ஊசியை உருவினால் ரத்தம் நிற்க வெகு நேரம் ஆனது. மெஷின் அடிக்கடி அலாரம் கொடுத்தது. குழாய் சுருங்குகிறது, கழுவிய ரத்தமே திரும்பத் திரும்ப மெஷினுக்கு வருகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. பெரிய காரியம் ஒன்றும் இல்லை. திருநெல்வேலிக்கு அனுப்பினால் பலூன் வைத்து விரித்துவிடுவார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வேலையாக மார்க்கைப் பார்ப்பார். எழுபத்திநாலு இருக்கிற ஆளுக்கு பிஸ்டுலாவில் என்ன கோளாறு என்று கேட்பார். தானே பக்கத்தில் நின்று மறுபடி எடுக்கச் சொல்வார். அப்போது நாற்பத்தைந்தோ ஐம்பதோ வந்தால் மற்ற எல்லாருடைய மார்க்கையும் தோண்டுவார். ஆகவே நான் நிதானமாக ஒரு வழி யோசித்தேன். மார்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. எழுபத்திநாலை எழுபதாக்கினேன். அடுத்த மாதம் அறுபத்தெட்டு. அதற்கடுத்து அறுபத்தாறு. இன்னும் ஒரே மாதம்தான். அறுபத்திநாலு ஆக்கியிருந்தால் டாக்டரே திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்திருப்பார், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அக்காவைக் காப்பாற்ற நான் ஒன்றுமே செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. நான் அவரை அந்த எண்ணை நோக்கி இறக்கிக்கொண்டுதான் வந்தேன்.

அக்காவுக்கு வாய் கசந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து தழும்பாகிவிட்டது. இரண்டு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் வேல்விழி கூட வந்திருந்தாள். அம்மாவின் மேல் அவளுக்கு எரிச்சல். காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போகிற பிள்ளை, சாயங்காலம் வந்து பார்த்தால் சோறு அப்படியே கிடக்குமாம்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. அம்மா மார்க்கு எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. பாஸ் மார்க்குக்கு மேலதான்."

"கேட்டியாம்மா? ஒடம்புல ஒண்ணும் கெடையாது. எல்லாம் ஒன் மனசுலதான் இருக்கு. சாப்பிடாம கெடந்து என் உயிர எடுக்குத."

அக்கா என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. கேட்கிற பார்வை. "உள்ளுக்குள்ள என்னமோ செய்யுதே எஸ்லின். நல்லா இருக்குன்னு நீயே சொல்லுத. அப்ப எனக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு போல" என்றார்.

நான் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன். "நல்லா சாப்பிடுங்க அக்கா, எல்லாம் சரியாயிரும்" என்றேன். அன்றிலிருந்து அக்கா எங்களிடம் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். எப்படி இருக்கீங்க என்றால் நல்லா இருக்கேன் என்பார். தன் உடம்பு சொன்னதைவிட நான் சொன்ன எண்ணை அவர் நம்பினார். அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை.

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. இருதயத்தைச் சுற்றி நீர் கோத்து, அதிகாலையில் வீட்டிலேயே இறந்துவிட்டார். யூரியா ஏறிக்கொண்டே போனால் அப்படி ஆகும். அந்த மாதக் கணக்கில் அவர் பாஸ்.

நீங்கள் விசாரிக்க வந்த விஷயம் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். அத்தை மகள் கல்யாணத்துக்காக நான் பாளையங்கோட்டை போயிருந்த வாரத்தில், எனக்குப் பதிலாக பிரவின்ராஜ் என்ற டெக்னீஷியன் வந்து மாத ரத்தம் எடுத்தான். முறைப்படி எடுத்திருக்கிறான். சென்டரில் அப்பாவைத் தவிர ஒருவர்கூட அறுபதைத் தொடவில்லை. டாக்டர் அவனுக்கு ரத்தம் எடுக்கத் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் ஏசினார். அன்றைக்கு நான் ஊரிலிருந்து திரும்பி வந்திருந்தேன், அதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "மொத மொத எடுக்கும்போது அப்படித்தான் வரும்" என்று அவனுக்கு ஆறுதல்கூடச் சொன்னேன். டாக்டர் அடுத்த சனிக்கிழமை தானே நின்று எடுக்க வைத்தபோது எல்லாம் வெளியே வந்தது, என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது எல்லாரையும் நாலு மணி நேரம் முழுக்கப் படுக்க வைக்கிறார்கள், மூன்று பேரை பிஸ்டுலாவுக்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லகண்ணு அண்ணாச்சிக்கு வாய்க் கசப்பு போய் பசி எடுக்கிறதாம். தனக்கு வாய் கசக்கிறது என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கத்தில் எடுத்தேன், எவ்வளவு கலந்தேன், எப்போதிலிருந்து என்று எல்லாம். நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு உங்கள் சட்டத்தில் இடம் இருக்குமா என்று தெரியாது. கூச்சத்தில் இதுவரை என் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வேல்விழி சென்டருக்கு வந்தாள். எங்கள் போர்வை ஒன்று அவர்கள் வீட்டில் கிடந்ததாம். துவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். உட்காரச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு விடியக்காலம் அம்மா என்னய எழுப்புனா. மூச்சு முட்டுது, படுக்க முடியல, ஆட்டோவக் கூப்பிடுன்னா" என்றாள். "நான் எழுந்திரிக்கல. நடிக்காத, மார்க்கு நல்லாத்தான இருக்கு, பேசாம படுன்னுட்டேன். அதுக்குப் பெறவு அவ கூப்பிடவே இல்ல. சுவத்துல சாஞ்சு உக்காந்த மேனிக்கே போயிட்டா. நீங்க எல்லாரும் அவள அவ்வளவு நல்லா பாத்துக்கிட்டீங்க. நான்தான் கொன்னுட்டேன்."

அப்போது சென்டரில் வேறு யாரும் இல்லை. மதிய ஷிப்ட் முடிந்து மெஷின்கள் தங்களைத் தாங்களே கழுவிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை போதும். உங்க அம்மா நடிக்கல வேல்விழி, நான் சொன்ன மார்க் பொய் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அந்த நாற்காலியிலிருந்து வேறு ஆளாக எழுந்து போயிருப்பாள். என்னை அடித்திருக்கலாம், துப்பியிருக்கலாம். ஆனால் ராத்திரி தூங்கியிருப்பாள். எனக்கு அது புரியாமல் இல்லை. வார்த்தை வாய் வரைக்கும் வந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் வரவில்லை. எனக்கு வந்தது நிம்மதி. பழியைச் சுமக்க ஓர் ஆள் தானாக நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்ற நிம்மதி.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாத மக்கா. நீ வேணும்னா சொன்ன? தெரியாமத்தான சொன்ன. அம்மா ஒன்ன மன்னிச்சிருப்பா" என்றேன்.

"மன்னிச்சிருப்பாளா அக்கா?"

"நிச்சயமா."

அவளைக் கண்ணை மூடச் சொன்னேன். அவர்கள் எங்கள் வேதக்காரர் இல்லை, ஆனாலும் மூடினாள். தலையில் கையை வைத்து ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளை அறியாமல் செய்த பாவத்தை மன்னியும், தாயின் சொல்லை நம்பாமல் போன இதயத்தை ஆற்றித் தேற்றும் என்று நல்ல சத்தமாகவே சொன்னேன். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். முடிந்ததும் குனிந்து என் காலைத் தொட வந்தாள். நான் தடுத்தேன். வாரம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். வருகிறாள், இப்போது என் வீட்டுக்கு. ஒவ்வொரு தடவையும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிறாள். நானும் அவளுடைய பாவத்துக்காக ஜெபிக்கிறேன்.

வேல்விழிக்கு இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்வது உங்கள் வேலை என்று நினைக்கிறேன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சொல்லும்போது, நான் அவளுக்காக ஒவ்வொரு முறையும் மனதார ஜெபித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.